மீனாள் வண்டி நின்ற இடம்

குழந்தைவேலு கடையாணியைப் பிடுங்கியபோது மீனாள் வண்டிக்கு மேலே நின்று தவிட்டு மூட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே வண்டி லேசாக ஆடியது. குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இருசு அச்சின் முனையில் ஆணி இல்லை. அது குழந்தைவேலுவின் கையில் இருந்தது.

“நாலணா,” என்றார் அவர். “இன்னையிலேருந்து வண்டிக்கு நாலணா. குடுத்தா நிக்கலாம். குடுக்கலேன்னா ஒரு ரூபா குடுத்து ஆணியை வாங்கிக்க.”

கடையாணி என்பது விரல் நீளத்து இரும்புதான். அது இல்லாமல் மாட்டை ஓட்டினால் கொஞ்ச தூரத்துக்குள் சக்கரம் கழன்று தனியே ஓடிவிடும். காவலுக்கு ஆள் போடாமல், சங்கிலி மாட்டாமல், வண்டியை நின்ற இடத்தில் கட்டிப்போட இதைவிடச் சுளுவான வழி யாருக்கும் தோன்றியிருக்காது. குழந்தைவேலுவுக்குத் தோன்றியது.

1966, ஆடி மாதத்துத் திங்கட்கிழமை. காரைக்குடியில் திங்கள்தான் சந்தை. சந்தையை ஒட்டிய வீதியில் அழகுசுந்தரம் செட்டியார் வீட்டின் பின்கட்டு வந்து முடிகிறது. முன்வாசல் ஒரு வீதியிலும் பின்வாசல் அடுத்த வீதியிலுமாக நீண்டு கிடக்கும் வீடு. செட்டியார் குடும்பம் சென்னையில். பூட்டிக் கிடந்த பின்கட்டைத் தடுத்து ஒன்பது கடைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அரிசிக்கடை, மளிகை, இரும்புக்கடை, ஒரு காப்பிக்கடை. அந்தக் கடைகளுக்கு எதிரே இரண்டு வேப்ப மரங்களோடு ஒரு வெற்றுத் தரை. பல வருஷமாகச் சந்தை வண்டிகள் நிற்பது அங்கேதான்.

மீனாளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. புதுவயலுக்குப் பக்கத்தில் ஊர். அவள் புருஷன் மருது அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவன். அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்த நாளிலிருந்து அவனால் குனிய முடியாது. நான்கு வருஷமாக ஒற்றை மாட்டு வண்டியை மீனாள்தான் ஓட்டினாள். ஆலையில் தவிடும் உமியும் எடுத்துத் திங்கள்தோறும் காரைக்குடியில் விற்பாள். பொம்பளை வண்டி ஓட்டுவதைப் பார்த்து முதல் மாதம் வழியெல்லாம் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் சலித்துவிட்டார்கள்.

அவளுடைய பிழைப்பு ஒரே ஒரு கொக்கியில் தொங்கியது. ஆலைக்காரர்கள் வாராவாரம் அவளுக்கென்று பத்து மூட்டை ஒதுக்கி வைப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் எடுக்காமல் விட்டால் அந்த ஒதுக்கீடு வேறு ஆளுக்குப் போய்விடும். எடுத்தால் விற்றாக வேண்டும். விற்க வேண்டுமென்றால் வேப்ப மரத்தடியில் நின்றாக வேண்டும். தவிட்டுக்குப் பால்காரர்களும் அடுப்பு உமிக்குக் காப்பிக்கடைக்காரர்களும் அவளைத் தேடி வருவது அங்கேதான். இடம் போனால் வாடிக்கை போகும், வாடிக்கை போனால் ஒதுக்கீடு போகும்.

யாரைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்று அவள் கேட்டதற்குக் குழந்தைவேலு வேப்ப மரத்தைக் காட்டி, கடையைக் காட்டி, எல்லாம் செட்டியார் இடம் என்றும், தான் குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும் சொன்னார். ஒன்பது கடைகளில் இரும்புக்கடை அவருடையது.

மீனாள் நாலணா கொடுக்கவில்லை. ரூபாயும் கொடுக்கவில்லை. சந்தை கலைந்ததும் ஒரு கருவேலங்கிளையை வெட்டி, அரிவாளால் சீவி, ஆணித் துளையில் அடித்து இறுக்கினாள். பக்கத்து வண்டிக்காரர் சின்னக்கருப்பு, ஐம்பதைத் தாண்டியவர், விறகு கொண்டுவருபவர், இது வீடு போய்ச் சேராது என்றார். ரயில்வே கேட் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தண்டவாளத்தின் குலுக்கலில் மரஆணி முறிந்து, சக்கரம் சரிந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விற்காமல் மிச்சமிருந்த இரண்டு மூட்டைத் தவிடு தண்டவாளத்தில் கொட்டியது. கேட்காரர் பச்சைக்கொடியும் கையுமாக நின்று திட்டிய திட்டை அவள் பின்னால் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

மருது கேட்டுவிட்டு, அடுத்த வாரம் நாலணாவைக் கொடுத்துவிடு என்றான். கொடுத்தாள். அதற்கடுத்த வாரமும் கொடுத்தாள். ஆனால் கொடுக்கும்போதெல்லாம் குழந்தைவேலுவிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: குத்தகைச் சீட்டு எங்கே? அவர் ஒருமுறை கூடக் காட்டவில்லை.

செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை இராமுவையும் போய்ப் பார்த்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்வதும் கடை வாடகை வாங்குவதும் அவர் பொறுப்பு. முன்வாசலில் அரை மணி நேரம் நிற்கவைத்துவிட்டு வந்தவர், அப்பச்சி காலத்திலிருந்து அது வீட்டு இடம்தான், நிற்க இஷ்டமில்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குழந்தைவேலு வசூலில் அவருக்கும் பங்கு உண்டு என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேச்சுதான். கையில் பிடித்துக் காட்ட ஒன்றுமில்லை.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. தை பிறந்தது. அழகுசுந்தரம் செட்டியார் வீட்டில் கல்யாணம்.

வருஷம் முழுவதும் பூட்டிக் கிடந்தாலும் கல்யாணமென்றால் பிறந்த ஊர் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்பது அந்த வீடுகளின் வழக்கம். பத்து நாளைக்கு முன்பே சாமான் லாரிகள் வந்துவிட்டன. வீட்டுக்குள் ஆயிரம் பேர் உட்காரலாம், ஆனாலும் போதாது. முன்வீதியில் ஒரு பந்தல், பின்வீதியில் சமையலுக்கும் பரிமாறுவதற்கும் ஒரு பந்தல். சமையல் பந்தலில் சேறாகாமல் இருக்கத் தரையில் கொட்டுவதற்கு உமி வேண்டும் என்று மீனாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது புதன்கிழமை. வண்டி நிறைய உமியோடு அவள் வந்து நின்றபோது வேப்ப மரத்தடித் தரையெங்கும் குழிகள். பந்தல்கால் நடத் தோண்டியவை.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குழி குழியாக நடந்து சுண்ணாம்புக் கட்டியால் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை இராமு கையில் காகிதத்தோடு அவர் பின்னாலேயே போனார். கடைசிக் குழியில் நின்று இருவரும் ஏதோ ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இராமு கையெழுத்துப் போட்டார். காக்கிச் சட்டை, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனார்.

மீனாள் உமியை இறக்காமல் அவர் பின்னால் போனாள். என்ன எண்ணினீர்கள் என்று கேட்டாள். அவர் நகராட்சி ஆள். நல்ல மனிதர், வாயில் காப்பி இருந்ததால் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொன்னார்.

“குழிதான். தெருவுல பந்தல் போட்டா குழிக்கு இவ்வளவுன்னு ஆபீசுல கட்டணும். எழுபத்தி ரெண்டுன்னு எழுதிக் குடுத்தாக. சரியா இருக்கு.”

“சொந்த இடத்துல குழி தோண்டுனா?”

“சொந்த இடத்துல நீ கெணறு கூடத் தோண்டு. நாங்க எதுக்கு வந்து எண்ணப் போறோம்?”

மீனாள் திரும்பி வந்து உமியை இறக்கினாள். இறக்கிக்கொண்டே சிரித்தாளாம். பக்கத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள், கல்யாண வீட்டு வாசனைக்கே இவளுக்குத் தலை சுற்றிவிட்டது என்றார்களாம்.

இந்தத் தவறு வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. வேறு யாராவது என்றால் பந்தலைப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்கள். செட்டியார் வீட்டு முறை அப்படியல்ல. கல்யாணத்தன்று நகராட்சி ஆள் வந்து, சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. எல்லாம் முன்கூட்டி எழுதி, கட்டி, சீட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்த ஒழுங்குதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த திங்கள் அவள் சின்னக்கருப்பிடம் சொன்னாள். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டுவிட்டு, நகராட்சி ஆள் வாயால் சொன்னது காற்றோடு போகும், காகிதம் வேண்டும் என்றார். மீனாளுக்கும் அது தெரியும். நகராட்சி அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் உட்கார்ந்து, இன்ன வீட்டார் இன்ன தேதியில் பின்வீதியில் பந்தல் போட எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு நகல் வேண்டும் என்று எழுதி வாங்கினாள். உள்ளே இருந்த குமாஸ்தா, உனக்கு எதற்கம்மா செட்டியார் வீட்டுப் பந்தல் என்று கேட்டார். என் வண்டி அங்கேதான் நிற்கிறது என்றாள். இன்று போய் நாளை வா என்றார்கள். நாளை வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். தினமும் புதுவயலிலிருந்து பஸ் ஏறி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, குமாஸ்தா சாப்பிடப் போகும்போது எழுந்து நின்று, திரும்பி வரும்போதும் எழுந்து நின்றாள். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, இந்த அம்மாளைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்று சொல்லி அவர் முத்திரை குத்திய நகலைக் கையில் கொடுத்தார்.

மனு எழுதுபவர் அதைப் படித்துக் காட்டினார். ‘நகராட்சிக்குச் சொந்தமான பின்வீதியில், கடைகளின் படிக்கு அப்பால் உள்ள தரையில், எழுபத்திரண்டு கால்கள் நட அனுமதி கோருகிறோம்.’ கீழே செட்டியாருக்காக இராமுவின் கையெழுத்து.

இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

மறு திங்கட்கிழமை காலையில் பதினெட்டு வண்டிகள் அந்தத் தரையில் நின்றன. மீனாள் வண்டி வண்டியாகப் போய் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். நாலணா கொடுக்க வேண்டாம். ஆணியைப் பிடுங்கினால் தடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். திரும்ப வாங்கவும் வேண்டாம். மாட்டை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

குழந்தைவேலு முதல் வண்டிக்கு வந்தார். இல்லை என்றார்கள். ஆணியைப் பிடுங்கினார். இரண்டாவது, மூன்றாவது. பத்தாவது வண்டிக்கு வரும்போது அவருடைய துண்டில் இடமில்லை. கடைக்குப் போய் மண்ணெண்ணெய் டின் ஒன்றை எடுத்து வந்தார். பதினெட்டு வண்டி ஆணிகளும் டின்னுக்குள் விழுந்தன. மீனாளிடம் வந்தபோது அவருக்கு வேர்த்திருந்தது.

“என்னத்தா, கூட்டு சேந்துட்டீகளோ?”

“வெயிலுக்கு நெழல்ல உக்காந்திருக்கோம் அண்ணே. நீங்களும் உக்காருங்க.”

சந்தை வண்டிகள் வழக்கமாகப் பத்து மணிக்குள் கலைந்துவிடும். பத்தரைக்குக் கடைகளுக்குச் சரக்கு லாரிகள் வரும். அன்றும் வந்தன. புதுவயல் ஆலையிலிருந்து அரிசி லாரி ஒன்று, திருச்சியிலிருந்து மளிகை லாரி ஒன்று. வீதி முனையில் திரும்பி, ஆரன் அடித்து, நின்றன. முன்னால் பதினெட்டு வண்டிகள். ஒன்றுக்கும் ஆணி இல்லை.

அரிசிக்கடைக்காரர் வெளியே வந்து வண்டிகளை எடுக்கச் சொன்னார். சின்னக்கருப்பு தன் சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, தொட்டால் விழும் என்றார். மளிகைக்கடைக்காரர் வந்தார். அவருக்கும் அதே பதில். இரண்டு லாரி ஓட்டுநர்களும் இறங்கி வந்து, யார் ஆணியைப் பிடுங்கியது என்று கேட்டார்கள். பதினெட்டுப் பேரும் இரும்புக்கடையைக் காட்டினார்கள். சந்தைக் கூட்டத்தில் பாதி இங்கே திரும்பிவிட்டது.

குழந்தைவேலு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்று ஒரு நாளைக்குக் காசு வேண்டாம், ஆணியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்றார். யாரும் கை நீட்டவில்லை.

“இந்தா மீனா, உன் ஆணி. பிடி,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“பிடுங்குனது நீங்க. எந்த அதிகாரத்துல பிடுங்குனீகன்னு இத்தனை பேரு முன்னால சொல்லிட்டு, நீங்களே மாட்டிவிடுங்க அண்ணே.”

கூட்டத்தில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள்.

அரிசிக்கடைக்காரர் நகராட்சிக்கு ஆள் அனுப்பினார். இராமுவுக்கும் செய்தி போனது. அவர் பின்வாசல் வழியாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போனார். கூரையில் ஓடு மாற்றும் வேலைக்காகச் செட்டியார் கல்யாணம் முடிந்தும் ஊரிலேயே தங்கியிருந்தார். சற்று நேரத்தில் அவரே பின்வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அறுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. அதே சமயம் நகராட்சி ஓவர்சியரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

என்ன தகராறு என்று செட்டியார் கேட்டார். இராமு முந்திக்கொண்டு, அப்பச்சி காலத்திலிருந்து நம்முடையதாக இருக்கும் இடத்தில் வண்டி நிறுத்திவிட்டு வழி மறிக்கிறார்கள் என்றார். செட்டியார் தலையை அசைத்துவிட்டு வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“நம்ம இடத்துல நிக்கிறீக. ஏதோ குடுக்குறதக் குடுத்துட்டு நிக்க வேண்டியதுதானே?”

மீனாள் மடியிலிருந்து நகலை எடுத்து ஓவர்சியரிடம் நீட்டினாள். உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். ‘நகராட்சிக்குச் சொந்தமான பின்வீதியில்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இராமுவைப் பார்த்துவிட்டு, மேலே படித்தார். ‘எழுபத்திரண்டு கால்கள்’ என்றதும் கூட்டம் தானாகக் கீழே பார்த்தது. மூடிய குழிகளின் வட்டங்கள் தரையெங்கும் இன்னும் புதுமண்ணாகத் தெரிந்தன.

மீனாள் செட்டியாரைப் பார்த்து நின்றாள்.

“அய்யா, இது உங்க இடமுன்னா நகராட்சிக்கு எதுக்குக் கட்டுனீக? தெருவுன்னா எங்ககிட்ட எதுக்கு வாங்குனீக? ரெண்டுல எது நெசமுன்னு நீங்களே சொல்லிருங்க. நாங்க கேட்டுக்கிறோம்.”

ஓவர்சியர்தான் பேசினார். அவர் இதில் யார் பக்கமும் இல்லை, வரி பக்கம்தான்.

“வீட்டு இடமுன்னே வச்சுக்குவோம். அப்படின்னா இத்தனை வருஷமா காலிமனை வரி கட்டலை. அளந்து பாக்கிய எழுதணும். அப்பச்சி காலத்துலேருந்துன்னா அது கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும்.”

செட்டியார் தரையைப் பார்த்தார். வேப்ப மரங்களைப் பார்த்தார். இராமுவைப் பார்த்தது மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம்.

“தெருதான்,” என்றார்.

பிறகு இராமுவிடம், இந்த வசூல் யாரைக் கேட்டு நடந்தது என்றார். குத்தகை என்று வாயால் பேசியதுதான், எழுத்து இல்லை என்று இராமு முணுமுணுத்தார். செட்டியார் குழந்தைவேலுவைக் கூப்பிட்டார். தன் பெயரைச் சொல்லி வாங்கியது போதும் என்றும், கடை வேண்டுமென்றால் கடையோடு நிற்கவும் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மீனாளிடம் திரும்பி, என்னிடம் முதலிலேயே வந்திருக்கலாமே ஆத்தா என்றார். வந்தேன் அய்யா, அரை மணி நேரம் நின்றேன் என்றாள் அவள். அவர் உள்ளே போய்விட்டார். பின்வாசல் கதவு சாத்திக்கொண்டது.

இனி ஆணி மாட்டும் படலம். குழந்தைவேலு டின்னோடு முதல் வண்டிக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டின்னில் எந்த ஆணி யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்று நுழையவில்லை, ஒன்று ஆடியது, ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டது. வண்டிக்காரர்கள் தங்கள் ஆணியை எட்ட நின்றே அடையாளம் சொன்னார்கள்: தலை தட்டையானது, நுனி வளைந்தது, நூல் சுற்றினது. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். லாரி ஓட்டுநர்கள் அவருக்கு இருபக்கமும் நின்று, இதுவா அதுவா என்று கேட்டு உதவி செய்தார்கள். உதவியா கேலியா என்று சொல்ல முடியாது. பதினெட்டு வண்டிக்கும் மாட்டி முடிக்க மணி பன்னிரண்டு ஆயிற்று. கடைசி வண்டி மீனாளுடையது. ஆணியை அடித்து இறுக்கிவிட்டு எழுந்தவர், முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“பொல்லாத பொம்பள.”

“ஆமாண்ணே. இரும்புக்கடைல சுத்தியல் வாங்க வருவேன், வெலையப் பாத்துச் சொல்லுங்க.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கடைக்குள் போனார்.

அந்த வாரமே நகராட்சி அங்கே ஒரு பலகை நட்டது. இது பொதுவீதி, வண்டி நிறுத்த யாரும் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ஆறு மாதம் வசூலித்தது திரும்பி வருமா என்று சிலர் கேட்டார்கள், வரவில்லை. சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களும் அங்கே வண்டியை விட ஆரம்பித்தார்கள். பலகை சாய்ந்தால் சின்னக்கருப்பு நிமிர்த்தி வைப்பார். மீனாள் 1975 வரையில் அந்த மரத்தடியில் தவிடு விற்றாள். பிறகு இரட்டை மாட்டு வண்டி வாங்கினாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று அவளுக்கு நின்று பேச நேரம் இல்லை. காலையிலிருந்து காத்திருந்த பால்காரர்கள் தவிட்டுக்கு நெருக்கியடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நாலைந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப் போனார்கள். ஒரு மணிக்குள் பத்து மூட்டையும் காலி. வெறும் சாக்குகளை உதறி மடித்து, மாட்டைப் பூட்டி, வீட்டுக்குப் போகும் வழியில் நேரே ஆலைக்கு வண்டியை விட்டாள்.

ஆலைக் குமாஸ்தா அடுத்த வாரத்துக்கு வழக்கம்போல் பத்து என்று எழுதப் போனார்.

“பதினஞ்சு போடுங்க,” என்றாள் மீனாள்.

இத்தனையையும் எங்கே கொண்டுபோய் விற்பாய் என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நிக்க இடம் இருக்குய்யா,” என்றாள்.